ராஜாவின் சிப்பாய் நடந்த வழி

சதுரங்கப் பலகையில் வெள்ளைக் காய்களை ஆடுபவன் முதன்முதலாகச் செய்யக்கூடிய நகர்வுகள் 20. சிப்பாய்கள் எட்டும் ஒன்றோ இரண்டோ கட்டம் நடப்பதில் 16, குதிரைகள் இரண்டும் தாவுவதில் 4. இந்த 20-க்குள், ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது என்ற ஒரே நகர்வைப் பற்றி ஐந்து நூற்றாண்டுகளாக எழுதப்பட்டு வந்திருக்கும் நூல்களையும், அவற்றை மறுத்து எழுந்த நூல்களையும், மறுப்புக்கு மறுப்பாகப் பிறந்த நூல்களையும் ஒருங்கே திரட்டினால், ஒரு சிற்றூர் வாசகசாலைக்கு அவையே போதும். அந்த ஒரு நடையினாலேயே ராணிக்கும் ஒரு மந்திரிக்கும் வழி திறந்துவிடுகிறது. பலகையின் நடுப்பகுதியில் ஒரு காலும் ஊன்றப்பட்டுவிடுகிறது. இவ்வளவு லாபம் வேறு எந்த முதல் நகர்விலும் இல்லை என்பதே அதன் கவர்ச்சி.

ஆயினும் இந்த நகர்வு பாரத நாட்டில் பிறந்திருக்க முடியாது. நம் முன்னோர் ஆடிய சதுரங்கத்தில் சிப்பாய் பெரும்பாலும் ஒரே கட்டந்தான் நடக்கும். யுத்தம் கூடுவதற்குள் பகற்பொழுது பாதி கழிந்துவிடும். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் தேசத்திலும் இத்தாலியிலும் ராணிக்கும் மந்திரிக்கும் இன்றுள்ள நெடுந்தூர வல்லமையை அளித்துப் பழைய விதிகளைத் திருத்திய பிறகு, முதற்சில நகர்வுகளிலேயே ஆட்டம் முடிந்துபோகும் அபாயம் ஏற்பட்டது. தொடக்கத்தை ஆராய்ச்சி செய்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அந்த அபாயத்தினின்றும் உண்டாயிற்று.

1512-இல் ரோமாபுரியில் வெளிவந்த தாமியானோ என்பவரின் சிறுநூலே அந்த ஆராய்ச்சியின் ஆரம்ப நூல்களுள் பிரசித்தி பெற்றது. போர்த்துக்கல் நாட்டு மருந்து வியாபாரியாகிய இவர், வெள்ளையின் குதிரை கறுப்புச் சிப்பாயைத் தாக்கும்போது ராணிப்பக்கத்துக் குதிரையை வெளியே கொணர்ந்து அதைக் காப்பதே உத்தமம் என்றும், மந்திரியின் முன்நிற்கும் சிப்பாயை நகர்த்திக் காப்பது அதமம் என்றும் தெளிவாகவே எழுதினார். பிற்கால உலகமோ, அவர் அதமம் என்று தள்ளிய அந்த நகர்வுக்கே 'தாமியானோ தற்காப்பு' என்று பெயர் சூட்டிவிட்டது. சரித்திரம் செய்யும் அநீதிகளில் இது சிறிது. அந்த மனிதரைப் பொறுத்தவரை சிறிதன்று.

1561-இல், ஸ்பெயின் நாட்டில் ஸாஃப்ரா என்னும் ஊரைச் சேர்ந்த ரூய் லோபஸ் என்ற பாதிரியார் தம் நூலை வெளியிட்டார். தாமியானோ உத்தமம் என்று சொன்ன குதிரை நகர்வு பழுதானது என்று நிலைநாட்டுவது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. வெள்ளையின் மந்திரி நேரே சென்று அந்தக் காவற் குதிரையை மிரட்டி நின்றால், காவலன் வீழ்ந்ததும் காக்கப்பட்ட சிப்பாயும் வீழும் அல்லவா என்பது அவர் வாதம். வாதம் பார்வைக்கு நேர்த்தியானதே. ஆனால் குதிரையை வெட்டிச் சிப்பாயைக் கவர்ந்த உடனே கறுப்பின் ராணி பலகையின் நடுவில் வந்து நின்று, வெள்ளையின் குதிரையையும் சிப்பாயையும் ஒருங்கே தாக்கி, இழந்ததை மீட்டுக்கொண்டு விடுகிறது. ஆகவே லோபஸின் மிரட்டல் உடனே பலிக்கும் மிரட்டல் அன்று. பலித்தாலும் பலிக்கலாம் என்று எதிரியை நெடுநேரம் கவலையில் ஆழ்த்தும் மிரட்டல். பாதிரியாரின் பெயரைத் தாங்கிய தொடக்கம் இன்றளவும் உயிரோடிருப்பதற்குக் காரணம், அவர் அதற்குச் சொன்ன காரணம் அன்று. 1575-இல் இரண்டாம் பிலிப்பு மன்னரின் மாட்ரிட் அரண்மனையில், இத்தாலியிலிருந்து வந்த லியோனார்டோ என்னும் இளைஞரிடம் அவர் தோற்றார். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அவருடைய மந்திரி நகர்வை ஐரோப்பா அதிகம் பொருட்படுத்தவில்லை.

அந்த இடைக்காலம் இத்தாலிய வழியின் காலம். மந்திரியை ஒரு கட்டம் குறைவாகவே நகர்த்தி, எதிரி ராஜாவின் அருகில் உள்ள பலவீனமான சிப்பாயை நோக்கி நிறுத்துவது இதன் முறை. 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த கிரெக்கோ இதில் காட்டிய சாகசங்களை இன்றும் பயிற்சியாளர்கள் சிறுவர்களுக்குக் காட்டுகிறார்கள். வேல்ஸ் நாட்டுக் கப்பற்காப்டன் ஈவான்ஸ் 1820-களில் ஒரு சிப்பாயைத் தானமாகக் கொடுத்துவிட்டுத் தாக்குதலில் இறங்கும் 'காம்பிட்' உபாயம் ஒன்றைப் புகுத்தினார். 1824-இல் லண்டனும் எடின்பரோவும் தபால் மூலம் ஆடத் தொடங்கி, நான்காண்டு நடந்து எடின்பரோ வென்ற போட்டியினால் ஸ்காட்டிய வழி என்ற பெயர் ஏற்பட்டது. 1851-இல் ஆண்டர்சனும் கீசெரிட்ஸ்கியும் லண்டனில் விளையாட்டாக ஆடிய 'ராஜா காம்பிட்' ஆட்டத்தில், ஆண்டர்சன் இரண்டு யானைகளையும் ராணியையும் பலி கொடுத்து எதிரி ராஜாவை மடக்கினார். அதற்கு 'அமர ஆட்டம்' என்று பெயர் நிலைத்தது. ராஜாவின் சிப்பாய் என்றாலே ரத்தம் பெருகும் யுத்தம் என்ற எண்ணம் ரசிகர் உள்ளத்தில் படிந்தது இந்தக் காலத்திலேதான்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. கல்கத்தாவில் வழக்கறிஞராயிருந்த ஜான் காக்ரன், ஐரோப்பிய விதிகளைப் பயின்றுவந்த வங்காளப் பிராமணராகிய மகேஷ்சந்திர பானர்ஜியோடு இடைவிடாமல் ஆடி வந்தார். 1848-இல் அவர்கள் ஆடிய ஓர் ஆட்டத்தில், ருஷிய நாட்டுப் பெத்ரோவின் பெயரால் வழங்கும் தற்காப்பைப் பானர்ஜி மேற்கொண்டபோது, காக்ரன் தம் குதிரையை இரண்டு சிப்பாய்களுக்கு விலையாகக் கொடுத்துக் கறுப்பு ராஜாவைக் காவலுக்கு வெளியே இழுத்துவிட்டார். காக்ரன் காம்பிட் என்று பெயர் பெற்ற அந்தத் துணிச்சலை வெறும் விளையாட்டு என்றே பண்டிதர்கள் ஒதுக்கினார்கள். 151 ஆண்டுகள் கழித்து, 1999-இல் லினாரஸ் நகரத்து மகா போட்டியில், தோபலோவ் அதையே கிராம்னிக்குக்கு எதிராக ஆடினார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. தற்காத்தவருக்குரிய பெருமை எதுவும் கல்கத்தாப் பானர்ஜியின் பெயரில் எழுதப்படவில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கலாம்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தாக்குகிறவனைவிடத் தானத்தை வாங்கிக்கொண்டு பொறுமையாகத் தற்காப்பவனுக்கே வெற்றி என்ற சித்தாந்தம் வேரூன்றியது. ஸ்டைனிட்ஸ் அதன் ஆசாரியர். காம்பிட்டுகள் படிப்படியாகக் கௌரவம் இழந்தன; லோபஸ் பாதிரியாரின் மந்திரி மீண்டும் சிம்மாசனம் ஏறியது. 1918-இல் நியூயார்க்கில் அமெரிக்க வீரர் மார்ஷல், கபபிளாங்காவுக்கு எதிராக ஒரு சிப்பாயைப் பலியிட்டுக் கறுப்புக்கே தாக்குதலைப் பெற்றுத் தரும் புது நகர்வை எடுத்துவிட்டதும், கபபிளாங்கா அத்தனை அடிகளையும் நேரிலேயே தடுத்து வென்றதும் நெடுநாள் பேசப்பட்டன. மார்ஷல் அந்த அஸ்திரத்தைப் பல்லாண்டு ரகசியமாகப் பொத்தி வைத்திருந்தார் என்று சொல்லும் கதையை முழுவதும் நம்புவதற்கில்லை. ஆட்டத்தின் அழகை மட்டும் ஐயமின்றி நம்பலாம். ராஜா காம்பிட்டுக்கோ, 1960-இல் மார்டெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கியிடம் அதில் தோற்ற ஃபிஷர், மறு ஆண்டே ஒரு கட்டுரை எழுதி மரண சாஸனம் வாசித்தார். தோற்ற கோபத்தில் எழுதிய சாஸனத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும். ஃபிஷரே பிற்காலத்தில் வெள்ளைக் காய்களோடு அதே காம்பிட்டை ஆடி வெற்றி கண்டிருக்கிறார்.

சமீபகாலத்துப் புதுமைகள் என்று எடுத்துக்கொண்டால், அவற்றுட் பெரும்பாலானவை முற்றிலும் புதியன அல்ல; முன்பு தள்ளுபடியான வழக்குகளின் மறுவிசாரணைகளே. இந்த மறுவிசாரணைகளை ஆரம்பித்து வைத்தவருள் தலையானவர் அந்நாளைய உலகச் சாம்பியன் காஸ்பரோவ். 1990-இல் கார்ப்போவுடன் உலகப் பட்டத்துக்காக ஆடியபோது, தூசி படிந்து கிடந்த ஸ்காட்டிய வழியை எடுத்து ஆடி, 102 நகர்வுகள் நீண்ட ஓர் ஆட்டத்தில் வென்றார். 1995-இல் ரீகா நகரில் நம் ஆனந்துக்கு எதிராகக் கப்பற்காப்டனின் காம்பிட்டையே ஆடி 25 நகர்வுகளில் முடித்தார். அதே ஆண்டு நியூயார்க் வர்த்தக மையத்தின் 107-ஆம் மாடியில் இருவருக்கும் நடந்த பட்டப் போட்டியில், எட்டு ஆட்டங்கள் சமநிலையில் கழிந்து ஒன்பதாவதில் ஆனந்த் வென்று முன்னிலை பெற்றிருந்தார். பத்தாவதில் லோபஸ் தொடக்கத்தின் திறந்த கிளையை அவர் மறுபடியும் மேற்கொண்டபோது, காஸ்பரோவ் தம் மூலை யானையை அப்படியே கைவிட்டுத் தாக்குதலில் இறங்கினார். அதற்கு வழிகோலிய மந்திரி நகர்வு, காலஞ்சென்ற மிகயில் தால் முன்பு யோசித்துவைத்தது. ஆனந்த் அந்த ஆட்டத்திலும் பின்னர் போட்டியிலும் தோற்றார். வீட்டில் செய்த ஆராய்ச்சி எத்தகைய கொடிய ஆயுதம் என்பதை அந்நாளில் அதைக் காட்டிலும் விளக்கிய ஆட்டம் வேறில்லை.

இவ்வளவு வலிமையோடு ராஜாவின் சிப்பாயைச் செலுத்திய ஒருவரை, ஐந்தே ஆண்டுகளில், அதே சிப்பாய்க்கு எதிரே நின்ற ஒரு பழைய தற்காப்பு செயலற்றவராக்கியது என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் மத்திய அத்தியாயம்.

2000-ஆம் ஆண்டு அக்டோபரில், லண்டனில் தேம்ஸ் நதிக்கரையை அடுத்த ஓர் அரங்கில் காஸ்பரோவும் கிராம்னிக்கும் 16 ஆட்டங்கள் கொண்ட பட்டப் போட்டிக்கு அமர்ந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே, லோபஸ் மந்திரியின் மிரட்டலுக்குப் பதிலாகக் கிராம்னிக் தம் மற்றொரு குதிரையை வெளியே எடுத்தார். பெர்லின் நகரத்து வீரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து, பின்னர் பெரும்பாலும் வழக்கொழிந்துபோன தற்காப்பு அது. அதன் பிரதான கிளையில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நலம். வெள்ளை தன் ராஜாவைக் கோட்டைக்குள் புகுத்துகிறது. கறுப்புக் குதிரை நடுச்சிப்பாயைக் கவர்கிறது. வெள்ளை ராணியின் சிப்பாயைத் தள்ளி வழிகளைத் திறக்கிறது. கறுப்புக் குதிரை பின்வாங்கி மந்திரியைத் தாக்க, மந்திரி மற்றக் குதிரையை வெட்டி மடிகிறது. எட்டாவது நகர்வில் ராணிகள் இரண்டும் பலகையை விட்டு நீங்குகின்றன. ராணியை வெட்டிய கறுப்பு ராஜா நட்ட நடு வீதியில் நிற்கிறான். கோட்டைக்குள் புகும் உரிமை அவனுக்குப் போயிற்று. அவனுடைய சிப்பாய்களுள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாய் அடைபட்டுக் கிடக்கின்றன. சிப்பாய்களையும் ராஜாக்களையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றக் காய்களையெல்லாம் எடுத்துவிட்டால், வெள்ளைக்கு வெற்றி எளிது. நூல்கள் இதை வெள்ளைக்குச் சாதகம் என்று மதித்ததில் வியப்பில்லை.

ஆனால் மற்றக் காய்கள் பலகையில் இருக்கின்றன என்பதே கிராம்னிக்கின் விடை. கறுப்புக்கு இரண்டு மந்திரிகளும் நிலைத்திருக்கின்றன. வெள்ளை பற்றிக்கொண்டு ஏற எந்த இடத்திலும் ஒரு பிடி அகப்படவில்லை. அதைவிட முக்கியமானது எதிராளியின் சுபாவம். ராணிகள் இருக்கும் கொந்தளிப்பான நிலைகளில் காஸ்பரோவுக்கு நிகர் அந்நாளில் எவரும் இல்லை. ராணிகள் நீங்கிய, மெதுவாகத் தடவிப் பார்த்து நகர வேண்டிய நிலைகளில் அந்த மலை சற்றுத் தாழ்ந்தது. கிராம்னிக் பெர்லினைத் தேர்ந்தது அதுவே சதுரங்கத்தின் பரமசத்தியம் என்பதற்காகவன்று. இந்த மனிதருக்கு எதிரே இது தகும் என்பதற்காகவே. முதல், மூன்றாம், ஒன்பதாம், பதின்மூன்றாம் ஆட்டங்களில் அந்தத் தற்காப்பு நின்றது. நான்கிலும் காஸ்பரோவால் வெல்ல முடியவில்லை. கிராம்னிக் இரண்டு ஆட்டங்களில் வென்றார். மற்ற 13-உம் சமநிலை. 1985 முதல் பட்டத்தை வைத்திருந்த காஸ்பரோவ், ஒரு வெற்றியும் இன்றி 8½ - 6½ என்ற கணக்கில் அதை இழந்தார். பெர்லின் நகரத்துச் சுவர் இடிந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்த சமயத்தில், சதுரங்க உலகம் மற்றொரு பெர்லின் சுவரைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

அந்தச் சுவர் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. 2013 நவம்பரில் ஆனந்தும் கார்ல்சனும் சென்னை நட்சத்திர விடுதி ஒன்றில் ஆடிய பட்டப் போட்டியின் நான்காம் ஆட்டத்தில், ஆனந்த் ராஜாவின் சிப்பாயைத் தள்ள, கார்ல்சன் பெர்லினைக் கட்டினார். பதினெட்டாம் நகர்வில் கார்ல்சனின் மந்திரி, வெள்ளைப் பாசறையின் மூலையில் தனித்து நின்ற ஒரு சிப்பாயைக் கவர்ந்தது. இப்படிப் புகும் மந்திரி பெரும்பாலும் அங்கேயே அடைபட்டு மடிவது வழக்கமாதலால், அந்தத் துணிவைக் கண்டவர்கள் திகைத்தார்கள். மந்திரியோ பத்திரமாக வெளியேறியது. ஒரு சிப்பாய் குறைந்த நிலையில் ஆனந்த் அரும்பாடுபட்டு 64 நகர்வுகளில் சமநிலை கண்டார். ஆறாம் ஆட்டத்தில் அவர் பிரதான கிளையைத் தவிர்த்து, ராணியின் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தும் சாந்தமான வழியில் சென்றார். யானைகள் எஞ்சிய இறுதிக் கட்டத்தில் அந்த ஆட்டத்தை இழந்தார். மறு ஆண்டு ஸோச்சி நகரில் வேடங்கள் மாறின: பதினோராம் ஆட்டத்தில் ஆனந்தே கறுப்புக் காய்களோடு பெர்லினை மேற்கொண்டு, நல்ல நிலையில் இருக்கும்போது தம் யானையை எதிரியின் மந்திரிக்கு விலையாகக் கொடுக்கத் துணிந்து, தோற்றார், போட்டியும் அதனோடு முடிவுற்றது. சுவர் தன்னைக் கட்டினவனை எப்போதும் காக்கும் என்பதற்கு விதியில்லை.

இந்தத் தற்காப்பு பரவியதில் விளைந்த ஒரு கேட்டையும் மறைப்பதற்கில்லை. இதன் ஒரு கிளையில், இருவரும் மனம் ஒத்தால், ராணிகள் இரண்டும் முன்னும் பின்னுமாய் அசைந்து, மும்முறை ஒரே நிலை திரும்பி, 14 நகர்வுகளில் ஆட்டம் சமநிலையாகிவிடும். வீரர்கள் கைகுலுக்கிச் சமநிலை செய்துகொள்வதைப் போட்டி நடத்துவோர் தடுத்தார்கள். நிலை மும்முறை திரும்பினால் சமநிலை என்னும் விதியை அவர்களால் தடுக்க முடியவில்லை. காசு கொடுத்து ரசிகர் வந்து அமர்வதற்குள் ஆட்டம் முடிந்துபோன நாட்கள் உண்டு. அதைச் சதுரங்கம் என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பெர்லினைத் தகர்க்க இயலாதவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சென்ற பத்தாண்டுகளில் மிகுந்த புழக்கத்துக்கு வந்திருப்பது, லோபஸுக்கும் முற்பட்ட இத்தாலிய வழியே. ஆனால் கிரெக்கோவின் வேகம் இன்று அதில் இல்லை. இரு திறத்தாரும் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்திக் காய்களை அணிவகுக்கிறார்கள். வெள்ளையின் ராணிப்பக்கத்துக் குதிரை மூன்று தாவலில் ராஜாவின் பக்கம் சென்று சேர்கிறது. ஓரச் சிப்பாயை எப்போது தள்ளுவது, மந்திரியை எப்போது பின்னிழுப்பது என்ற நுண்ணிய விவகாரங்களிலேயே பதினைந்து நகர்வுகள் கழிகின்றன. ஒரு காலத்தில் பாலர்க்கு உரியது, சப்பென்றது என்று இகழப்பட்ட இந்த மந்தகதி ஆட்டத்தில், காய்கள் எல்லாம் பலகையிலேயே தங்குவதால், போரை நடுப்பகுதிவரை ஒத்திவைக்க முடிகிறது. கணினியின் துணையோடு முப்பது நகர்வுவரை மனப்பாடம் செய்து வருகிறவனையும் சொந்த அறிவினால் யோசிக்கச் செய்வதற்கு இதுவே வழி என்று வெள்ளை ஆடுவோர் கண்டுகொண்டார்கள்.

கணினியைப் பற்றிச் சொல்லும்போது, 2004-இல் ஸ்விட்சர்லாந்தில் பிரிஸ்ஸாகோ என்ற இடத்தில் நடந்ததை நினைவுகூர வேண்டும். பட்டத்தைக் காத்துக்கொள்ள வந்த கிராம்னிக், எட்டாம் ஆட்டத்தில் எதிராளியான லேகோ மேற்கொண்ட மார்ஷல் தாக்குதலுக்கு எதிரே, வீட்டில் இயந்திரம் சரிபார்த்துக் கொடுத்த ஒரு வழியில் விரைந்து சென்றார். இயந்திரம் ஓரளவு தூரமே பார்த்து, வெள்ளைக்கு நலம் என்று கூறியிருந்தது. லேகோ பலகையின் முன் அமர்ந்து சுயமாக யோசித்து, தம் ராணியை ஒரு கட்டத்தில் நிறுத்திய மாத்திரத்தில், வெள்ளை ராஜாவுக்குத் தப்ப வழியில்லை என்பது வெளியாயிற்று. 1918-இல் கபபிளாங்கா அடக்கிவிட்டதாகக் கருதப்பட்ட தாக்குதல், 86 ஆண்டுகள் கழித்து ஓர் உலகச் சாம்பியனை இவ்வாறு வீழ்த்தியது. இன்றைய வலிமைமிக்க இயந்திரங்களும் மார்ஷலின் சிப்பாய்த் தானம் தகுந்ததே என்று ஒப்புகின்றன. வெள்ளை ஆடுவோரில் பலர் அதற்கு இடமே கொடாமல் முன்கூட்டியே விலகிச் செல்கிறார்கள்.

2017 டிசம்பரில் ஆல்ஃபாஸீரோ என்ற நிரலைப் பற்றிய செய்தி வந்தது. மனிதர் ஆடிய ஆட்டம் ஒன்றையும் காட்டாமல், விதிகளை மட்டும் அறிவித்துத் தன்னோடு தானே ஆடவிட்ட அந்த நிரல், சில மணி நேரத்தில் அதுவரை முதன்மையாயிருந்த ஸ்டாக்ஃபிஷ் நிரலை மிஞ்சி, 100 ஆட்டங்களில் 28-ஐ வென்று மற்றவற்றைச் சமநிலை செய்தது. கிராம்னிக்கும் பங்குகொண்டு பின்னர் நடத்திய ஓர் ஆய்வில், லோபஸ் மந்திரிக்கு எதிரே அந்த நிரல் பெர்லினை நாடிச் சென்றதும், வேறொரு பயிற்சியில் மார்ஃபியின் பெயர் பெற்ற ஓரச் சிப்பாய் நகர்வை நாடியதும் தெரிய வந்தன. லண்டனில் ஒரு மனிதர் மற்றொரு மனிதரின் குணம் அறிந்து எடுத்த முடிவுக்கு, குணம் என்பதே அறியாத இயந்திரம் பிற்காலத்தில் கையொப்பம் இட்டிருக்கிறது. எனினும் இயந்திரத்தின் பேரால் எதைச் சொன்னாலும் நம்பும் பழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 2012 ஏப்ரலில், ராஜா காம்பிட்டை ஒரு பெரும் கணினித் தொகுதி முற்றும் ஆராய்ந்து தீர்த்துவிட்டது என்று வெளிவந்த செய்தியை விவரமறிந்தோரிலும் பலர் நம்பினார்கள். அது முட்டாள்கள் தினத்துப் பரிகாசம் என்று பிறகு வெளிப்பட்டது.

2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில், சென்னை இளைஞர் குகேஷ் தம் முதல் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தை ராஜாவின் சிப்பாயைக் கொண்டே தொடங்கினார். அப்போது பட்டத்தை வைத்திருந்த டிங் லிரென் அதை நேருக்கு நேர் எதிர்கொள்ளாமல் பிரெஞ்சுத் தற்காப்பைக் கையாண்டு அந்த ஆட்டத்தை வென்றார். பதின்மூன்றாம் ஆட்டத்தில், புள்ளிகள் சமமாயிருந்த நெருக்கடியில், குகேஷ் மறுபடியும் அதே சிப்பாயை அதே இரண்டு கட்டம் தள்ளினார், சமநிலை கிடைத்தது. பதினான்காவதில் கறுப்புக் காய்களோடு வென்று பட்டம் பெற்றார்.

அவரைப் பார்த்துவிட்டு இன்று தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு குழந்தைகள் பலகை விரிக்கிறார்கள். பயிற்சி கொடுப்போரிடம் ஒரு வேண்டுகோள்: எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெர்லின் தற்காப்பின் இருபது நகர்வுகளை முதற்பாடமாக மனப்பாடம் செய்விக்க வேண்டாம். கிரெக்கோவின் இத்தாலிய ஆட்டங்களையும் காப்டன் ஈவான்ஸின் காம்பிட்டையும் முதலில் ஆடிக்காட்டுங்கள். அவன் சிப்பாய்களை இழக்கட்டும், ராஜாவைத் துரத்தட்டும், சில ஆட்டங்கள் தோற்கட்டும். பெர்லினை அவனுக்குப் பதினெட்டு வயதானபின் சொல்லிக்கொடுக்கலாம்.